அந்தாண்ட மட்டும் போவாதம்மா

மார்ச் 6, வியாழன். மண்ணடி

வியட்நாமுக்குத் தனியாகப் போகிறேன் என்றபோது அம்மா பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். இலங்கைக்குக் கிளம்பியபோது தேயிலை வாங்கி வரச் சொன்னார். வடசென்னையில் பையை மாட்டிக்கொண்டு சுற்றப் போகிறேன் என்றதும்தான் கையிலிருந்த தோசைக் கரண்டி அப்படியே நின்றது. பொள்ளாச்சியில் எங்கள் தெருவில் ஒருவர்கூட சென்ட்ரலுக்கு வடக்கே கால் வைத்ததில்லை, ஆனால் அந்தப் பக்கம் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சினிமா உபயம்.

சேரன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, காலை வெயில் ஏறுவதற்குள் மண்ணடிக்கு நடந்துவிட்டேன். முதல் லாட்ஜில் ஆதாரை வாங்கியவர் அதைப் பார்க்காமல் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "கூட வர்றவங்க எங்கம்மா?" யாரும் வரலைங்க என்றேன். "தனியா லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லம்மா." ஏன் என்று கேட்டால் முதலாளி சொல்லியிருக்கிறார், போலீஸ் வந்து கேட்பார்கள், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று வரிசையாகக் காரணம் வருகிறது. அடுத்த லாட்ஜிலும் இதே பாட்டு. அதற்கும் அடுத்ததில் வீட்டுக்காரரிடம் போனில் பேச வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் இல்லையென்றால் அப்பா. அப்பா காலமாகிவிட்டார் என்றதும் அந்த மனிதருக்கே சங்கடமாகிவிட்டது, ஃபேனைப் போட்டு உட்கார வைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். ரூம் கொடுக்கவில்லை. வியட்நாமின் ஹோய் ஆன் ஊரில் ஒரு வார்த்தைகூட மொழி தெரியாமல் பாஸ்போர்ட்டைக் காட்டி இரண்டே நிமிடத்தில் சாவி வாங்கியவள் நான். சொந்த மாநிலத்தில், சொந்த மொழியில் கெஞ்சியும் நடக்கவில்லை, கோபம் வந்தது.

கடைசியில் ஒரு சந்துக்குள் பழைய லாட்ஜ். கல்லாவில் வயதான அம்மா ஒருவர். ஆதார் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு, 850 ரூபாயை இரண்டு தடவை எண்ணிவிட்டுச் சொன்னார்: "பத்து மணிக்குள்ள வந்துடு. யார் கதவத் தட்டினாலும் தொறக்காத, நான் தட்டினாகூட." ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொடலாம். இருந்தாலும் தாழ்ப்பாள் உறுதியாக இருந்தது. தனியாகப் போகிறவள் அறையில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பகல் முழுக்க அரண்மனைக்காரன் தெருவில் இருக்கும் ஆர்மேனியன் சர்ச்சில் கழிந்தது. 1772-இல் கட்டியது. இன்றைக்கு அந்தச் சமூகத்தார் ஊரில் இல்லையென்றே சொல்லிவிடலாம், தரை முழுக்கக் கல்லறைக் கற்கள்தான். உலகத்தின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை 1794-இல் இந்த மெட்ராஸில்தான் அச்சானது, அதை நடத்திய பாதிரியார் இங்கேதான் படுத்திருக்கிறார். வெளியே தள்ளுவண்டியும் ஹாரனும் காதைக் கிழிக்கின்றன, உள்ளே காக்காய் சத்தம் மட்டும். மூன்று மணி வாக்கில் கடல் காற்று எழும்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கலாம் என்று பார்த்தால் அதற்குள் பூட்டுகிற நேரம் வந்துவிட்டது.

ரம்ஜான் மாதம். ஆறு மணிக்கு மண்ணடி வேறு ஊராகிவிடுகிறது. பள்ளிவாசல் பக்கவாட்டுக் கதவுக்கு முன்னால் பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசை கட்டி நிற்கிறார்கள், ஜாதி மதம் ஒன்றும் கேட்பதில்லை, வாளியை நீட்டினால் கஞ்சி விழுகிறது. என்னிடம் வாளி இல்லை. முக்காடு போட்ட ஒரு பாட்டி, "நோன்பா?" என்றார். இல்லைங்க பாட்டி என்றேன். "பரவால்ல, பசின்னா பசிதான்" என்று சொல்லி வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் கொண்டுவரச் சொன்னார். நொய்யரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து, நடுநடுவே கொத்துக்கறியும் வெந்தயமும் புதினாவும் வாயில் தட்டுப்படுகிற கஞ்சி. கையில் ஒரு வடை வேறு. அன்றைய வெயிலுக்கு அது நேராக முதுகெலும்பில் இறங்கியது.

இரவில் பர்மா பஜார் பக்கம் போய் அத்தோ. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணியெல்லாம் அரசுடைமை ஆனபிறகு கையை வீசிக்கொண்டு திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. கடைக்காரர் ஒரு குண்டானில் மஞ்சள் நூடுல்ஸை அள்ளிப் போட்டு, முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம், மிளகாய்த் தூள், எண்ணெய் எல்லாம் ஊற்றி, மேலே பேஜோ என்ற மொறுமொறு வடையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைகிறார். விரல்கள் நூடுல்ஸை உடைக்காமல் தூக்கித் தூக்கிப் போடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். வாழைத்தண்டு சூப் எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுகிறார்கள். 80 ரூபாய். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என் பையைப் பார்த்துவிட்டு, "வூட்ல சண்டையாம்மா?" என்றார். இல்லைங்க, ஊர் பார்க்க வந்தேன் என்றதற்கு அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

லாட்ஜ் அம்மா தூங்காமல் காத்திருந்தார். "இங்க பயமே இல்லம்மா, மசூதித் தெரு. ராயபுரம் பக்கம் மட்டும் போயிடாத."

மார்ச் 7, வெள்ளி. தங்கசாலை, தண்டையார்பேட்டை

காலையில் ஏழுகிணறு. வீராசாமி தெருவில் வள்ளலார் வளர்ந்த வீடு. இங்கிருந்து தினமும் திருவொற்றியூருக்கு நடந்தே போய் வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு வருவாராம். அந்தத் தெருவில் இப்போது பத்தடி நடப்பதற்குள் மூன்று பைக்குக்கு ஒதுங்க வேண்டியிருக்கிறது.

தங்கசாலைத் தெருவில் முறுக்கு சாண்ட்விச் தின்றேன். ரொட்டிக்குப் பதில் இரண்டு முறுக்கு, நடுவில் வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி, மேலே சீஸ் துருவல். கடிக்கும்போது பாதி சட்டையில், பாதி வாயில். 50 ரூபாய்க்கு இது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றியது, வரிசையில் நின்ற கல்லூரிப் பிள்ளைகளுக்கு அப்படித் தோன்றவில்லை. பாதாம் பால் மட்டும் குறையே சொல்ல முடியாது.

வள்ளலார் நகர் பஸ் நிலையத்துக்கு வருவதற்குள் பையின் தோள்பட்டை வார் பிய்ந்துவிட்டது. நிழலில் உட்கார்ந்திருந்த செருப்புத் தைக்கும் அண்ணன் வாங்கிப் பார்த்து, பழைய தையலைப் பிரித்துவிட்டு, மெழுகு தேய்த்த நைலான் நூலால் நாலு சுற்றுத் தைத்தார். தைத்து முடித்ததும் காலால் பையை மிதித்துக்கொண்டு வாரை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார், அப்புறம்தான் கொடுத்தார். 60 ரூபாய்.

"எந்த ஊரும்மா?"

"பொள்ளாச்சிங்க."

"அங்கேந்து இத்த முதுகுல தூக்கினு வந்தியா? இன்னா, மாமியாரா?"

கல்யாணமே ஆகலைங்க என்றேன். "அப்ப அம்மாகூட சண்டை" என்று அவரே முடிவு கட்டிவிட்டார். ஊர் முழுக்க இதேதான். பையோடு தனியாக ஒரு பொம்பளை நடந்தால் அது கோபித்துக்கொண்டு கிளம்பிய பொம்பளை. வேறு காரணம் இவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. அதனால் எல்லோரும் சமாதானம் பேசுகிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா, "ஒரு போன் போட்டு நல்லா இருக்கேன்னாவது சொல்லிடு" என்று இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். நான் போன் போட்டேன். அம்மா எடுத்ததும், "எங்கிருக்கற கண்ணு, பொழுதாகிப் போச்சு" என்று ஆரம்பிக்க, அக்கா திருப்தியாகத் தலையாட்டினார்.

லாட்ஜுகளோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் தண்டையார்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் நாள் கணக்கில் கெஸ்ட்டாகச் சேர்ந்துகொண்டேன். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு 450 ரூபாய். அறையில் மருத்துவமனையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், அவர்களும் இரவு டியூட்டி. தனியாகச் சுற்றும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்த ஊரானாலும் முதலில் லேடீஸ் ஹாஸ்டலில் விசாரியுங்கள்.

வார்டன் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். ராயபுரத்துக்காரர். "ராயபுரமா? யார் சொன்னது? எங்க ஏரியா மாதிரி சேஃப் எதுவும் கெடையாது. காசிமேட்டுக்கு மட்டும் தனியா போவாத."

மார்ச் 8, சனி. ராயபுரம்

மகளிர் தினம். சாலையோரம் ஒரு நிகழ்ச்சி, பெண்கள் எல்லோருக்கும் ரோஜாப்பூ. வாங்கிக்கொண்டு பக்கத்திலிருந்த பொதுக் கழிப்பறைக்குப் போனால் பெண்கள் பக்கம் பூட்டு. ஆண்கள் பக்கம் அமோகமாகத் திறந்திருக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார், அவர் ஊரிலேயே இல்லை. கையில் ரோஜாவோடு பூட்டிய கதவின் முன்னால் நான்.

இந்தப் பயணத்தின் பாதித் திட்டமே இதுதான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர்வரை நீண்டது. எனக்கு அது ரயிலைவிடக் கழிப்பறை வரிசையாகத்தான் உபயோகமாக இருந்தது. தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட் என்று ஒவ்வொரு நிலையமாகக் கணக்குப் போட்டுத்தான் தண்ணீர் குடித்தேன். மெட்ரோ இல்லாத இடத்தில் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது, அந்த வெயிலில் அது தலைவலியாக வந்து நிற்பது, பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ராயபுரம் ரயில் நிலையம் போனேன். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அந்தக் காலத்துத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. தூணுக்குக் கீழே நிழலில் இரண்டு பேர் தூக்கம், ஒரு நாய். வேறு எந்த ஊராக இருந்தாலும் டிக்கெட் போட்டு, வாசலில் குல்ஃபி விற்றிருப்பார்கள்.

சாயங்காலம் விடுதிக்குத் திரும்பும் வழியில் ஒரு தெருமுனை கேரம் கிளப். தகரக் கூரை, போர்டுக்கு நேர் மேலே தொங்கும் பல்பு, சுற்றிலும் ஆம்பளைக் கூட்டம். எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்றுதான் நின்றேன். ஆடிக்கொண்டிருந்தது பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பெண், எதிரில் மீசை வைத்த பெரியவர். அவள் விரலால் பவுடரைத் தட்டி, ஸ்ட்ரைக்கரை இரண்டு முறை முன்னும் பின்னும் நகர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்கிறாள், ரெட் போய் விழுகிறது, அடுத்த அடியில் ஃபாலோவும். பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார், வேறு என்ன செய்வார். புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024-இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்ததிலிருந்து பெண் பிள்ளைகளை அனுப்ப வீடுகளில் தயங்குவதில்லை என்றார் கிளப்பைப் பார்த்துக்கொள்பவர். அதற்கு வெகு காலம் முன்பே, 1996-இல், கேரம் வீரர் மரிய இருதயத்துக்கு அர்ஜுனா விருது வந்திருக்கிறது. அவர் பெயரைச் சொல்லும்போது அங்கே குரல்கள் கொஞ்சம் தணிகின்றன.

என்னையும் ஒரு ஆட்டம் ஆடச் சொன்னார்கள். அந்தப் பெண் என்னை ஒரு காய்கூடப் போட விடவில்லை. அவள் அம்மா டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஊர்ல அப்பாம்மா கவலப்படுவாங்க, சீக்கிரம் போய்ச் சேரு" என்றார். மறுபடியும் சமாதானம்.

மார்ச் 9, ஞாயிறு. காசிமேடு

விடுதிக் கதவு ஐந்து மணிக்குத்தான் திறக்கும். காசிமேட்டுக்கு நாலுக்கே போக வேண்டும். வார்டன் அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, தனியாகப் போகாதே என்று சொன்ன அதே வாயால், "நானும் வரேன், ஞாயித்துக்கெழம மீனு வாங்கணும்" என்று கூடையை எடுத்துக்கொண்டார்.

இருட்டில் முதலில் வருவது ஐஸ் நொறுக்கும் சத்தம். அப்புறம் வாடை, அப்புறம்தான் வெளிச்சம். காலடியில் ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும் கலந்து வழுக்குகிறது, என் கேன்வாஸ் ஷூ ஐந்து நிமிடத்தில் ஊறிப்போனது. கூடை கூடையாக இறக்கி, சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு நடுவில் ஏலம். ஏலம் விடுகிறவர் பேசுவது தமிழா என்று சந்தேகம் வருகிற வேகம், ஆனால் கூடையைச் சுற்றி நிற்கும் பெண்களுக்கு ஒரு எழுத்து தப்புவதில்லை. ஒரு கண்ணசைவில் முடிந்து, கூடை தலைக்கு ஏறி, வழி வழி என்று கத்திக்கொண்டு போய்விடுகிறது. ஓரமாக நின்றால்கூட நடுவில்தான் நிற்கிறோம். இரண்டு தடவை இடி வாங்கினேன், இரண்டு தடவையும் திட்டு எனக்குத்தான்.

செல்போனை எடுத்ததும் ஒரு அம்மா: "போட்டோ புடிக்கத்தான் வந்தியா? மீனு வாங்கு, அப்புறம் எங்கூட நின்னு நூறு போட்டோ எடுத்துக்க." நியாயம்தான். எனக்கு ஆழியாறு அணை மீன்தான் பழக்கம், கடல் மீனில் வஞ்சிரத்தையும் நெத்திலியையும் தவிர அடையாளம் தெரியாது. வார்டன் அக்கா பாடம் எடுத்தார். செவுளைத் தூக்கிப் பார், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் பிதுங்கியிருக்க வேண்டும், குழி விழுந்திருந்தால் நேற்றையது. விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக்கூடாது. வஞ்சிரம் கிலோ 1,100 சொன்னார்கள், அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சங்கரா 350-இல் ஆரம்பித்து 280-க்கு வந்து நின்றது. "ஏப்ரல் 15 ஆனா தடைக்காலம், ஜூன் பாதி வரைக்கும் போட்டு போவாது. அப்ப இந்த சங்கராவ நீ வெலயே கேக்க முடியாது" என்று விற்ற அம்மா சொன்னார், அது உண்மையும்கூட, நம்மை வாங்க வைக்கிற வழியும்கூட.

மீன் வெட்டுகிற அக்காக்கள் அருவாமனையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். செதில் பறந்து கன்னத்தில் ஒட்டுகிறது, துடைக்கக் கை ஓய்வதில்லை. பேச்சு மட்டும் நிற்காது. என் கதையைக் கேட்டார்கள், சண்டை இல்லை என்பதை ஒருத்தர் மட்டும் நம்பினார். "ஏன், ஆம்பளைங்க போறான் இல்ல? இவளும் போறா" என்றார். அவர் கையில் இருந்த கத்திக்கு பயந்தோ என்னவோ மற்றவர்கள் பேசவில்லை.

மதியம் விடுதியில் சங்கரா குழம்பு. அக்கா மாங்காய் போட்டிருந்தார். மூன்று தடவை சோறு வாங்கினேன்.

மார்ச் 10, திங்கள்

எங்கும் போகவில்லை. மாதவிடாய். மருந்துக்கடைக்காரர் பேடைச் செய்தித்தாளில் சுற்றி அதைக் கறுப்புக் கவரில் போட்டு அதை இன்னொரு கவரில் போட்டார். தங்கம் கடத்துகிறவன்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

இரவில் மொட்டை மாடி. மின்சாரம் இல்லை, கொசு இருந்தது.

மார்ச் 11, செவ்வாய். திருவொற்றியூர்

வள்ளலார் நடந்த தூரத்தை மெட்ரோவில் சில நிமிடங்களில் கடந்தேன். தண்டையார்பேட்டையைத் தாண்டி ரயில் மேலே ஏறியதும் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மணலிப் பக்கத்துப் புகைபோக்கிகள். தேரடியில் இறங்கும்போதே மழை. மார்ச் மாதத்தில் மழையை யார் எதிர்பார்த்தார்கள், நான் மட்டுமில்லை, பூக்கடைக்காரர்களும் தார்ப்பாய் இல்லாமல் நனைந்துகொண்டிருந்தார்கள்.

தியாகராஜர் கோயிலில் மாசித் திருவிழா. சுந்தரர் சங்கிலி நாச்சியாரைக் கட்டிக்கொண்டபோது உன்னைப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்த ஊர் இது. சத்தியம் செய்துவிட்டு, அப்புறம் திருவாரூருக்குக் கிளம்பி, ஊர் எல்லை தாண்டியதும் கண் போனது என்பது கதை. மகிழ மரத்தைச் சுற்றும்போது என் பக்கத்தில் வந்த பாட்டி, "இவுரு மட்டும் இல்ல, எல்லாரும் இப்படித்தான்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஆதிபுரீஸ்வரர் மேல் எப்போதும் கவசம், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் அதைக் கழற்றிப் புனுகுத் தைலம் சாத்துவார்கள். மற்ற நாளில் போகிறவர்களுக்குக் கவச தரிசனம்தான். அன்னதானத்தில் சாம்பார் சாதம், காரமாக, நன்றாகவே இருந்தது.

மழை விட்டதும் பட்டினத்தார் சமாதி பார்த்துவிட்டு கடற்கரைச் சாலைக்கு வந்தேன். மணல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கடல் அரிப்புக்குப் போட்ட பாறாங்கற்கள்தான். சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன, டிரைவர்கள் இறங்கிச் சமைக்கிறார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது. பைக்கில் இரண்டு பையன்கள் என்னைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போனார்கள். மூன்றாவது தடவை வேகத்தைக் குறைத்து ஏதோ சொன்னார்கள். நேராகப் போய் வெளிச்சம் இருந்த மீன் வறுவல் கடையில் நின்றுகொண்டேன், சட்டியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. கடைக்கார அக்கா என்னையும் பார்த்தார், பைக்கையும் பார்த்தார். கரண்டியைத் தூக்கிக் காட்டி இரண்டு பையன்களின் அம்மா பெயரையும் சொல்லி, அதற்கப்புறம் சொன்னதை இங்கே எழுத முடியாது. பைக் லாரிகளுக்கு நடுவில் புகுந்து காணாமல் போனது. எனக்குக் கை நடுங்கியதை அவர் கவனித்தாரா தெரியவில்லை, "குந்து" என்று ஸ்டூலைத் தள்ளி, இரண்டு துண்டு கடம்பா, அதாவது கணவாய் வறுவலை வைத்தார். 60 ரூபாய். ஆட்டோவும் அவரே பிடித்து, ஆட்டோக்காரரின் நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, விடுதி போய்ச் சேர்ந்ததும் மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னார்.

ஏறும்போது கேட்டார்: "நாளைக்கு எங்க? எண்ணூரா? அங்கல்லாம் யாரு போவாங்க, அது ஒரு மாதிரி ஏரியாம்மா."

மார்ச் 12, புதன். எண்ணூர்

மாசி மகம். கரையெல்லாம் மேளச் சத்தம், தீர்த்தவாரிக்கு சாமிகள் கடலுக்கு வந்துகொண்டிருந்தன. நான் முகத்துவாரம் பக்கம் போனேன், கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம். ஆறு, அதன் மேல் பாலம், அதற்கப்பால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். காற்று அடிக்கும்போது உதட்டில் உப்போடு ஏதோ பொடியும் படிகிறது.

இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் இறால் பிடிக்கிறார்கள், வலை கிடையாது, கைதான். சேற்றைத் துழாவிக்கொண்டே குனிந்தபடி நகர்கிறார்கள், ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு. கை சட்டென்று மேலே வந்து பறிக்குள் போகிறது, நமக்குத் தெரிவது ஒரு துள்ளல் மட்டும். கரையேறிய அக்கா ஒருவரின் உள்ளங்கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். சிப்பி கிழித்த கோடுகள், மேலே ஆறியது, கீழே ஆறாதது. நாலு மணி நேரத்துக்குக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே கிடைத்திருந்தது.

"முன்னல்லாம் பறி ரொம்பிடும். இப்ப சாம்பலு, சுடுதண்ணி. அப்புறம் அந்த எண்ணெ."

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றுக்குள் எண்ணெய்க் கழிவு வந்து சேர்ந்ததைச் சொல்கிறார். மீன் பிடிக்கிற ஆண்கள் படகில் போய், வாளியிலும் மக்கிலும் எண்ணெயை மொண்டு எடுத்ததை அப்போது டிவியில் பார்த்திருக்கிறேன். பொள்ளாச்சியில் உட்கார்ந்து சேனலை மாற்றிய செய்தி. இங்கே அலையாத்திச் செடிகளின் தண்டில் எண்ணெய் எந்த உயரம்வரை ஏறியிருந்தது என்று அக்கா முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

அவர் வீட்டில்தான் கழிப்பறைக்குப் போனேன், அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். பழைய சோறு, இறால் தொக்கு, பச்சை மிளகாய். எவ்வளவு தரட்டும் அக்கா என்று இழுத்தேன். "நூறு ரூபா குடு" என்றார் நேராக. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. விருந்தாளி நாடகம் எதுவும் இல்லாமல் கொடுத்தேன், வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். இன்னொரு கரண்டி தொக்கும் வைத்தார்.

மார்ச் 13, வியாழன். பழவேற்காடு

மின்சார ரயில் அத்திப்பட்டில் நின்றது நின்றதுதான். ஒரு எக்ஸ்பிரஸ் போனது, சரக்கு ரயில் போனது, மறுபடி ஒரு எக்ஸ்பிரஸ். முக்கால் மணி நேரம். மகளிர் பெட்டியில் காலிக் கூடைகளோடு திரும்பிய மீன்காரப் பெண்கள் வெற்றிலை போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்கள், நான் மட்டும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்னேரியிலிருந்து பஸ். அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெளியூர்க்காரி என்று யாரும் கேட்பதுமில்லை, கண்டக்டர் பூஜ்யம் போட்ட சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கோட்டை கட்டினார்கள். கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு. கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது, வாசலில் 1656 என்று ஆண்டு, இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். ஒன்று தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறது, மண்ணடி லாட்ஜில் ரூம் கேட்டுவிட்டு வந்தது மாதிரி.

படகில் போகலாம் என்று ஒருவர் கூப்பிட்டார், 600 ரூபாய். லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டதற்குச் சிரித்தார். 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், நான் சிரிக்கவில்லை. பாலத்தில் நின்றே பூநாரைகளைப் பார்த்தேன். தூரத்தில் தண்ணீருக்கு மேல் வெளிர் சிவப்பாக ஒரு கோடு, அது திடீரென்று எழுந்து திரும்பும்போதுதான் உள்ளேயிருக்கும் கருஞ்சிவப்பு தெரிகிறது. நண்டுக் குழம்போடு சாப்பாடு 180 ரூபாய். பனையோலைப் பெட்டி செய்கிற ஒரு அம்மாவிடம் மூடியுள்ள சின்னப் பெட்டி ஒன்று 120-க்கு வாங்கினேன்.

அவர் கேட்டார், எங்கிருந்து வருகிறாய், எங்கே தங்கினாய். மண்ணடி, தண்டையார்பேட்டை, காசிமேடு, எண்ணூர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஓலையைப் பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. "மெட்ராஸ்லயா? தனியாவா? இங்க வேணா எவ்ளோ நாள் வேணா இரு, அந்தாண்ட மட்டும் போவாதம்மா."

இன்றிரவு சேரனில் திரும்புகிறேன். பஸ் நிறுத்தத்தில் அம்மாவுக்காக நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ வாங்கி, மூன்று கவர் போட்டுக் கட்டி, பையின் அடியில் துணிக்குள் புதைத்திருந்தேன். பயனில்லை. அரக்கோணம் வருவதற்குள் மேல் பெர்த் இளைஞர் போர்வையை மூக்குவரை இழுத்துவிட்டார், பக்கத்தில் யாரோ யாரிடமோ, "பாத்ரூம் கதவ சாத்துங்க" என்றார்கள். எதிர் பெர்த்தில் திருப்பூர் அம்மா மட்டும் எழுந்து உட்கார்ந்து, இருட்டில் என் பக்கம் குனிந்தார்.

"கருவாடுங்களா? என்ன வெலைக்கு வாங்குன?"

"அரைக் கிலோ 240-ங்க."

"நல்லா ஏமாத்தி உட்டுட்டாங்க கண்ணு."